எரிவாயு எரிந்தால் எடை கூடுமா?

இந்திய வீடுகளுக்கு வரும் சமையல் எரிவாயு உருளையில் 14.2 கிலோகிராம் வாயு அடைக்கப்பட்டிருக்கும். அது முழுதும் எரிந்து தீர்ந்தால் எத்தனை கிலோ கரியமில வாயு உண்டாகும்? வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "14 கிலோவுக்குக் குறைவாக" என்றே பலரும் சொல்வர். விறகு எரிந்து பிடி சாம்பலாவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எரிதல் என்றால் குறைதல்தானே! ஆனால் சரியான விடை ஏறத்தாழ 43 கிலோ.

கணக்கை நீங்களே போடலாம். உருளையில் இருப்பது அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட புரோப்பேன், பியூட்டேன் கலவை. புரோப்பேன் மூலக்கூறு ஒன்றில் 3 கார்பன் அணுக்களும் 8 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. கார்பனின் அணு எடை 12, ஹைட்ரஜனுடையது 1. ஆக மூலக்கூறு எடை 44. எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும், அணு எடை 16 உள்ள ஆக்சிஜன் அணுக்கள் இரண்டைப் பற்றிக்கொண்டு கரியமில வாயுவாகிறது. அதன் மூலக்கூறு எடையும் 12 + 32 = 44! (தற்செயலான பொருத்தம்தான், நினைவில் வைக்க நமக்கு வசதி.) ஒரு புரோப்பேன் மூலக்கூறு மூன்று கரியமில வாயு மூலக்கூறுகளைத் தருவதால், 1 கிலோ எரிந்தால் 3 கிலோ கிடைக்கிறது. பியூட்டேனுக்கு இது 3.03 மடங்கு, பெரிய வேறுபாடில்லை.

மிகுதி எடை காற்றிலிருந்து வந்தது. ஓர் உருளை தீர்வதற்குள் சுமார் 51 கிலோ ஆக்சிஜன் செலவாகிவிடுகிறது. ஹைட்ரஜன் தன் பங்குக்குச் சுமார் 22 கிலோ நீராவியாகிறது. குளிர்ந்த நீர் நிரம்பிய பாத்திரத்தை அடுப்பில் வைத்தவுடன் அதன் வெளிப்புறத்தில் ஈரம் படர்கிறதே, அது பாத்திரம் ஒழுகுவதால் அல்ல; எரிவாயு ஈன்ற நீர்தான் அது!

இந்த ஹைட்ரஜனால் ஒரு நன்மையும் உண்டு. 44 கிராம் கரியமில வாயு உண்டாகும்போது தூய கரி தரும் வெப்பம் 394 கிலோஜூல். அதே 44 கிராமுக்குப் புரோப்பேன் 740 கிலோஜூல் தருகிறது. இயற்கை எரிவாயுவின் முக்கியப் பகுதியான மீத்தேன் 890 தருகிறது. மூலக்கூறில் கார்பனுக்கு ஹைட்ரஜன் எவ்வளவு துணை நிற்கிறதோ, அவ்வளவுக்கு அதே வெப்பத்திற்குக் கரியமில வாயு குறைகிறது. குறைகிறதே ஒழிய இல்லாமற் போவதில்லை.

மேலே சொன்ன கணக்கெல்லாம் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால்தான் பொருந்தும். சன்னல் இல்லாத சிறு அறையில் எரிவாயு நெடுநேரம் எரிந்தால், கார்பன் அணு இரண்டு ஆக்சிஜனுக்குப் பதில் ஒன்றோடு நின்றுவிட நேரிடும். அதுவே கார்பன் மோனாக்சைடு. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இதனை இறுகப் பற்றிக்கொள்ளும். பிறகு ஆக்சிஜனுக்கு இடமேது? குளிருக்கு அஞ்சிக் குளியலறையை இறுக மூடி, உள்ளேயே எரிவாயு வெந்நீர்க் கொதிகலனை இயக்கியோர் மாண்டது இப்படித்தான். கொதிகலனைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்த வேண்டும். சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பிடித்தால், காற்று போதவில்லை என்று பொருள். துவாரங்களைத் துப்புரவு செய்யுங்கள். மூக்கை மட்டும் நம்பாதீர்கள். கசிவை உணர்த்தவென்று வாயுவில் சேர்க்கும் நாற்றப் பொருள் சுடரிலேயே எரிந்துபோகும். கார்பன் மோனாக்சைடுக்கோ மணமும் இல்லை, நிறமும் இல்லை.