தவறான பதிலைக் கேட்கப் பழகும் ஓர் ஆண்டு

ஒரு பேட்டரி, ஒரு சிறு பல்பு, கொஞ்சம் வயர். பல்புக்கு முன்னால் ஓர் அம்மீட்டர், பின்னால் இன்னொன்று. பல்பைத் தாண்டி வரும் மின்னோட்டம் எவ்வளவு இருக்கும் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். “குறைஞ்சிருக்கும். பல்பு எரியறதுக்குக் கொஞ்சம் செலவாகியிருக்குமே” என்று பலர் சொல்வார்கள். இரண்டு மீட்டரும் ஒரே அளவைக் காட்டிய பிறகும், மீட்டரில்தான் கோளாறு என்று சாதிக்கும் பிள்ளை உண்டு.

இங்கிலாந்துக்கு அறிவியல் ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் நம்மூர் எம்.எஸ்ஸி. பட்டதாரியை முதல் சில வாரங்களிலேயே உலுக்கிவிடுவது இந்தப் பிள்ளைதான். சரியான விடை அவருக்குத் தெரியும். அதைத் தெளிவாகச் சொல்லவும் தெரியும். சொன்ன பிறகும் பிள்ளையின் எண்ணம் அசையவில்லை என்றால் என்ன செய்வது என்பதுதான் தெரியாது. அந்த ஓராண்டுப் பயிற்சியின் சாரமே அதுதான் என்பேன்.

இதற்குப் பின்னால் ஓர் ஆராய்ச்சி மரபு இருக்கிறது. 1980களில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோசலிண்ட் டிரைவரும் அவருடைய குழுவினரும் பிள்ளைகளிடம் பொறுமையாகக் கேள்வி கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே பதிவு செய்தார்கள். வெப்பம், விசை, தாவரத்தின் உணவு என எதை எடுத்தாலும், பிள்ளை வகுப்புக்குள் வரும்போதே தனக்கென்று ஒரு விளக்கத்தோடுதான் வருகிறது. அந்த விளக்கம் அன்றாட அனுபவத்தில் விளைந்தது. தள்ளினால்தான் வண்டி ஓடுகிறது, விட்டால் நிற்கிறது. நியூட்டன் சொல்வதைவிட அது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. அதை வெளியே கொண்டுவராமல் மேலே பாடம் நடத்தினால், தேர்வுக்கு ஒரு விடையும் மனத்துக்கு ஒரு விடையுமாகப் பிள்ளை வளரும். யார்க் பல்கலைக்கழகக் குழு இந்த ஆராய்ச்சிகளின் அடிப்படையில் தயாரித்த கேள்வித் தொகுப்புகளை இன்று ஆசிரியர்கள் வகுப்பில் நேரடியாகப் பயன்படுத்துகிறார்கள்.

மேலே சொன்ன பயிற்சிப் படிப்பின் பெயர் பி.ஜி.சி.இ. பட்டம் பெற்றவர்களுக்கான ஓராண்டுப் பயிற்சி. அதோடு கியூ.டி.எஸ். எனப்படும் ஆசிரியர் தகுதியும் சேர்ந்து கிடைக்கும்படியான படிப்பைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அது இல்லாத பி.ஜி.சி.இ.யும் விற்கப்படுகிறது. பயிற்சிக் காலத்தில் குறைந்தது 120 நாட்கள் பள்ளியில் கழிய வேண்டும், அதுவும் குறைந்தது இரண்டு பள்ளிகளில். நம் இரண்டாண்டு பி.எட்.டிலும் பள்ளிப் பயிற்சிக்கு 20 வாரங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நாட்கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வகுப்பின் கடைசி பெஞ்சில் இருக்கிறது. அங்கே நாள்தோறும் யாராவது ஓர் ஆசிரியர் உட்கார்ந்து, பயிற்சியாளரைக் கவனித்து எழுதிக்கொண்டிருப்பார். வழிகாட்டி ஆசிரியர் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் போல ஒதுக்கி அவரோடு பேசுவார். “மூன்றாவது வரிசைப் பெண் தப்பாகச் சொன்னதும் நீங்கள் உடனே அடுத்தவரிடம் போய்விட்டீர்கள். அவள் ஏன் அப்படி நினைத்தாள் என்று கேட்டிருக்கலாமே?” இந்த மாதிரிக் கேள்வியை நம் கற்பித்தல் பயிற்சியில் எத்தனை பேர் எதிர்கொண்டிருப்போம்? பாடக்குறிப்பு நோட்டு கச்சிதமாக இருந்தால் கையெழுத்து விழுந்துவிடும்.

ஆய்வகம் இன்னொரு பாடம். செய்முறைக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், ஆய்வக உதவியாளர் எல்லாவற்றையும் தட்டில் அடுக்கித் தருவார். எந்த அமிலம், என்ன செறிவு, எந்த வயதுப் பிள்ளை கையாளலாம் என்பதற்கு கிளீப்ஸ் என்ற அமைப்பின் பாதுகாப்புக் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் யாரும் பன்சன் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில், செய்முறைத் திறனுக்கான 15 சதவீத மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்குள்ளேயே வந்துவிடுகிறது. சோதனையைக் கையால் செய்து பார்த்த பிள்ளைக்கு அந்தக் கேள்விகள் எளிதாக இருக்கும்.

இயற்பியல் பயிற்சி என்று போனவர் உயிரியலும் வேதியியலும் எடுக்க வேண்டியிருக்கும். 11 முதல் 14 வயது வரை அங்கே அறிவியல் பெரும்பாலும் ஒரே பாடம், நம்மூரில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை இருப்பதைப் போல. பிளஸ் ஒன்னில் உயிரியலை விட்டவர் இரவில் உட்கார்ந்து செல் பிரிதலைப் படிப்பார். அதில் ஒரு நன்மையும் உண்டு. தனக்கே புதிதான பாடத்தை நடத்தும்போதுதான் பிள்ளை எங்கே தடுமாறும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிகிறது.

ஆசிரியரை அங்கேயும் ‘சார்’, ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த ஒற்றுமையை நம்பிவிடக் கூடாது. வகுப்புக்குள் நுழைந்ததும் எழுந்து நிற்கும் மரியாதை தானாகக் கிடைக்காது. அரசுப் பள்ளிகளில் அடிப்பதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்துவிட்டது. குரலை உயர்த்தினாலும் பலன் குறைவு. யார் எங்கே உட்கார வேண்டும் என்ற வரைபடம், எல்லாரும் விடையை எழுதித் தூக்கிக் காட்டும் சிறு வெள்ளைப் பலகைகள், சொன்ன விதியை நாள் தவறாமல் கடைப்பிடிக்கும் உறுதி ஆகியவற்றால்தான் வகுப்பு அடங்குகிறது. லிவர்பூல் பிள்ளையின் ஆங்கிலம் காதுக்குப் பிடிபடவும் சில வாரம் ஆகும்.

லிவர்பூல் என்றதும் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. அந்நகரை ஒட்டிய கிர்க்பியில் 1952இல் மலாயா ஆசிரியர்களுக்கென்றே ஒரு பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது. மலாய், சீன இளைஞர்களோடு தமிழ் இளைஞர்களும் அங்கே படித்தார்கள். மலாயாவுக்கு விடுதலை வரும் தேதியை 1956 பிப்ரவரியில் அதன் முதலமைச்சர் துங்கு அப்துல் ரகுமான் அறிவித்ததும் அந்தக் கல்லூரி மாணவர்கள் நடுவில்தான். அவர்கள் பயின்றது ஊர் திரும்பிக் கற்பிப்பதற்காக. இன்று இங்கிலாந்து தன் வகுப்பறைகளை நிரப்பவே வெளியாரைக் கூப்பிடுகிறது. 2022-23இல் இயற்பியல் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள் அரசு வைத்த இலக்கில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

அதனால்தான் 2023-24 முதல் இயற்பியல், மொழிப் பாடங்களுக்கான பயிற்சி உதவித்தொகை வெளிநாட்டினருக்கும் திறந்துவிடப்பட்டது. 2025-26இல் இயற்பியலுக்கு அது 29,000 பவுண்டு. வேதியியலுக்கும் உயிரியலுக்கும் இந்தச் சலுகை கிடைக்கவில்லை. அவற்றுக்குக் கட்டணம், வீட்டு வாடகை எல்லாம் கையிலிருந்துதான். தொகையும் தகுதியும் ஆண்டுதோறும் மாற்றப்படுகின்றன. போன வருடம் போனவர் சொன்னதை நம்பி வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டாம்.

பி.எட். முடித்து ஓராண்டாவது பணியாற்றியவர்களுக்கு இந்தப் பயிற்சியே தேவைப்படாமலும் போகலாம். 2023 முதல், 11 முதல் 16 வயதினருக்கு அறிவியல் கற்பிக்கத் தகுதி பெற்ற இந்திய ஆசிரியர்கள் கியூ.டி.எஸ்.ஸுக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடிகிறது. இருந்தாலும், அந்தக் கடைசி பெஞ்சுக் கவனிப்பை இழந்து தகுதியை மட்டும் பெறுவது பாதி லாபம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பயிற்சி முடிந்ததும் பணியில் முதல் இரண்டு ஆண்டுகள் கண்காணிப்புக் காலம். படிப்புக்குப் பின் தங்கி வேலை செய்வதற்கான விசாவோ, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். ஆறு மாதம் இடிக்கிறது. ஆசிரியர் இல்லை என்று ஒரு கையால் அழைத்து, மறு கையால் இப்படிக் கணக்கைக் குறைப்பது அநியாயம். அந்த இடைவெளியைப் பள்ளி கொடுக்கும் ஸ்பான்சர்ஷிப்தான் அடைக்க முடியும். அதற்கான உரிமம் எல்லாப் பள்ளிகளிடமும் கிடையாது. வேலைக்கான நேர்காணலில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.