தூசு காட்டும் எடை: ஆர்ப் 220இன் மறைந்த வாயு

1983ஆம் ஆண்டு ஏவப்பட்ட ஐராஸ் செயற்கைக்கோள், அகச்சிவப்புக் கதிர்களில் ஏறத்தாழ முழு வானத்தையும் பத்து மாதங்களில் அளந்தபோது, சாதாரண ஒளியில் மங்கலாகத் தெரியும் சில விண்மீன் திரள்கள், அகச்சிவப்பில் மட்டும் சூரியனைவிடப் பத்தாயிரம் கோடி மடங்குக்கும் மேலான ஆற்றலை உமிழ்வது புலனாயிற்று. அவற்றுள் ஒரு லட்சம் கோடி மடங்கைக் கடந்தவற்றில் நமக்கு மிக அருகிலிருப்பது, 25 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆர்ப் 220.

அதன் நுண்ணிய படங்களில் அருகருகே தெரியும் இரு ஒளிப்புள்ளிகள், மோதி ஒன்றாகிவரும் இரண்டு திரள்களின் கருக்கள். அவற்றிடையே ஏறக்குறைய 1,200 ஒளியாண்டு இடைவெளியே உள்ளது. மோதலால் மையத்துக்குச் சரிந்த வாயுவில் விண்மீன்கள் பெருவேகத்தில் பிறக்கின்றன. அவற்றின் புறஊதாக் கதிர்களைக் கரியும் சிலிக்கேட்டும் கலந்த நுண்துகள்கள், அதாவது விண்வெளித் தூசு, விழுங்கிச் சூடேறி, அந்த ஆற்றலை அகச்சிவப்பாக வெளிவிடுகின்றன.

விண்மீன்களுக்கு மூலப்பொருளான ஹைட்ரஜன் மூலக்கூறோ சமச்சீரானது. நிலையான மின் இருமுனை அதற்கு இல்லாததால், குளிர்ந்த நிலையில் அது ஏறக்குறைய எதையும் உமிழ்வதில்லை. ஆகவே அதனுடன் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் உமிழும் கதிரை அளந்து, ஒரு மாற்றுக் காரணியால் பெருக்கி, வாயுவின் நிறை கணிக்கப்படுகிறது. நம் பால்வெளியின் முகில்களிலிருந்து பெற்ற காரணியை இத்தகைய திரள்களுக்கு அப்படியே பொருத்தியபோது, சுழற்சி வேகம் காட்டும் மொத்த நிறையையே வாயுவின் நிறை எட்டியது, சிலவற்றில் விஞ்சவும் செய்தது. விண்மீன்களுக்கு இடமே இல்லாத அந்த விடை சரியாக இருக்க முடியாது. வானியலாளர்கள் டென்னிஸ் டௌன்ஸும் ஃபிலிப் சாலமனும் 1998இல் இந்த முடிச்சை அவிழ்த்தனர்: இங்கு வாயு தனித்தனி முகில்களாக இல்லாமல், விண்மீன்களோடு கலந்து வட்டாகப் பரவியிருப்பதால், அதே நிறைக்குக் கூடுதலாக ஒளிர்கிறது; காரணி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். எந்தச் சூழலில் பெறப்பட்ட எண் என்று கேட்காமல் அதை வேறிடத்தில் பயன்படுத்தலாகாது என்பதற்கு வானியலில் இதைவிடத் தெளிவான சான்று அரிது.

தூசு தனியாக இன்னொரு கணக்கைத் தருகிறது. மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அலைநீளங்களில் தூசு பெரும்பாலும் ஒளிபுகும் தன்மையுடையது என்பதால், அதன் வெப்பநிலை தெரிந்தால் ஒளிர்வே நிறையைச் சொல்லிவிடும். தூசைப்போல் சுமார் நூறு மடங்கு வாயு இருக்கும் என்று கொண்டு வாயுவின் நிறையைக் கணக்கிடலாம். ஆனால் ஆர்ப் 220இன் மேற்குக் கருவில், சிலியின் அட்டகாமா பாலைநிலத்திலுள்ள ஆல்மா தொலைநோக்கி வரிசை கண்டபடி, 2.6 மில்லிமீட்டரில்கூட ஒளி ஊடுருவ முடியாத அளவுக்குத் தூசு செறிந்துள்ளது. அங்கே தூசின் ஒளிர்விலிருந்து நேராகக் கிடைப்பது, கருவில் இருக்கக்கூடிய வாயுவின் கீழ் எல்லை மட்டுமே.