நிலமில்லாப் பட்டா

ஜி.எஸ்.டி. சாலை வழியே வண்டலூரிலிருந்து மறைமலைநகர் நோக்கிச் செல்வோர், இருமருங்கிலும் மனை விற்பனை விளம்பரப் பலகைகள் நிற்பதைக் காணலாம். அவ்வழியில் அமைந்த ஊர் கூடுவாஞ்சேரி. இங்கு மனை வாங்க வருபவர், எழுத்தறிவு குறைந்தவராயினும், மூன்று கேள்விகளைக் கேளாமல் முன்பணம் கொடுக்கத் துணிவதில்லை. தாய்ப்பத்திரம் உண்டா? பட்டா யார் பெயரில் உள்ளது? வில்லங்கச் சான்று என்ன சொல்கிறது? தலைமுறைகளின் பட்டறிவு தந்த பாடம் இது.

அதே இல்லத்துப் பிள்ளை மின்சார ரயிலில் கல்லூரிக்குச் செல்கையில், கைப்பேசி ஆட்டமொன்றில் தன் வீரனுக்கு ஒரு வண்ண உடையையோ, துப்பாக்கிக்கு ஓர் அலங்கார வடிவத்தையோ விலை கொடுத்து வாங்குகிறான். அவனிடம் யாரும் பத்திரம் காட்டுவதில்லை; அவனும் கேட்பதில்லை. அவன் வாங்கியது எது? அது அவனுடையதுதானா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேகரிக்கும் மனம்

அரியதைத் தேடிச் சேர்ப்பது மனித இயல்பு. அஞ்சல் தலை, தீப்பெட்டிப் படம், பழைய நாணயம், பபிள் கம்முடன் வந்த கிரிக்கெட் வீரர் அட்டை எனச் சென்ற தலைமுறையும் சேர்த்து மகிழ்ந்தது. அந்த அட்டையை வெளியிட்ட நிறுவனம் மூடப்பட்டாலும் அட்டை நம் பெட்டியில் இருந்தது. அதை நண்பனுக்குக் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பேரனுக்கு விட்டுச் செல்லலாம். உடைமை என்பதன் பொருளே அதுதான்.

கணினி ஆட்டங்களை உருவாக்குவோர் இந்த இயல்பை நன்கு அறிந்தவர்கள். 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம், 'ஆப்லிவியன்' என்னும் ஆட்டத்தில் குதிரைக்கு அணிவிக்கும் கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றது. ஆட்டத்தில் பெரும்பயன் தராத இந்த அலங்காரத்திற்கு விலையா என்று அன்று பலர் நகைத்தனர். ஆயினும் வழி திறந்துவிட்டது. 2013இல் வால்வ் நிறுவனம் 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்' ஆட்டத்தில் துப்பாக்கிகளுக்கான அலங்கார வடிவங்களை அறிமுகப்படுத்தியது. ஆட்டக்காரர்கள் அவற்றைத் தமக்குள் வாங்கி விற்கும் சந்தையும் பெருகியது.

நிறுவனத்தார்க்கு இவ்வணிகம் ஏன் இனிக்கிறது? ஒருமுறை வரைந்த படத்தை எத்தனை முறை விற்றாலும் மூலப்பொருட் செலவு இல்லை. "ஆயிரம் மட்டுமே வெளியிடுவோம்" என்று அறிவித்தால் அருமையும் விலையும் தாமே உயர்கின்றன. ஆயினும் இந்த அருமை முத்தின் அருமை போன்றதன்று. கடலும் காலமும் விதித்ததன்று. விற்பவரே விதித்துக்கொண்ட வரம்பு அது.

இருவகை விற்பனை

இவ்விற்பனை இருவகைப்படும். முதல் வகையில் பொருள் நிறுவனத்தின் கணினியிலேயே இருக்கும். ஆட்டக்காரரின் கணக்கில், 'இவர் இதைப் பயன்படுத்தலாம்' என்னும் குறிப்பு மட்டும் ஏறும். நாம் படியாமல் ஒப்புதல் தரும் நீண்ட நிபந்தனைகளில், இது விற்பனையன்று, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்று பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும்.

இரண்டாம் வகை என்.எஃப்.டி. எனப்படுவது. இதில் உரிமைக் குறிப்பு நிறுவனத்தின் கணக்கில் எழுதப்படாமல், 'பிளாக்செயின்' என்னும் பொதுப் பேரேட்டில் எழுதப்படும். உலகெங்கும் பல கணினிகளில் அப்பேரேட்டின் படிகள் உள்ளமையால், ஒருவர் தனித்து அதைத் திருத்திவிட இயலாது. உரிமையாளர் தம் குறிப்பைப் பிறர்க்கு விற்கலாம். மறுவிற்பனை தோறும் உருவாக்கியவர்க்கு ஒரு பங்கு சேரும்படியும் அமைக்கலாம். 2017 நவம்பரில் வெளிவந்த 'கிரிப்டோ கிட்டீஸ்' என்னும் பூனை வளர்ப்பு ஆட்டம் இவ்வகையில் புகழ்பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் அதன் நெரிசலால் எத்தீரியம் பேரேடே தடுமாறியது.

இரண்டாம் வகை பாதுகாப்பானது போலத் தோன்றும். ஆனால் கூர்ந்து நோக்குக. பேரேட்டில் இருப்பது குறிப்பு மட்டுமே. படம் பெரும்பாலும் வேறோரிடத்தில் இருக்கும். அந்த வாளை வீசுதற்குரிய ஆட்டக்களமோ முழுவதும் நிறுவனத்தின் கையில் இருக்கும். மனைக்கு ஒப்பிட்டால், பட்டா வாங்கியவரிடம் பத்திரமாக உள்ளது. நிலமோ விற்றவர் விரும்பும் வரைதான் உள்ளது.

நிகழ்ந்த சான்றுகள்

இது வெறும் கற்பனையன்று. ஹாங்காங்கைச் சேர்ந்த அனிமோக்கா பிராண்ட்ஸ் நிறுவனம், ஃபார்முலா ஒன் பந்தயத்தின் பெயரைப் பயன்படுத்தும் உரிமம் பெற்று 'எஃப்1 டெல்டா டைம்' என்னும் ஆட்டத்தை நடத்தியது. அதில் ஒரு மின்னணுக் கார் 2019 மே மாதம் 1 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட விலைக்கு ஏலம் போயிற்று. உரிமம் புதுப்பிக்கப்படாமையால் 2022 மார்ச் 16ஆம் நாள் ஆட்டம் நிறுத்தப்பட்டது. கார் வாங்கியோர்க்கு வேறோர் ஆட்டத்தின் பொருள்களை ஈடாக வழங்க நிறுவனம் முன்வந்தது. ஆயினும் வாங்கிய காரை ஓட்டுதற்குரிய களம் மறைந்தது. பேரேட்டுக் குறிப்பு அழியவில்லை, பயன் அழிந்தது.

முதல் வகைக்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. 2020 செப்டம்பர் 2ஆம் நாள் இந்திய அரசு தடைசெய்த 118 செயலிகளுள் 'பப்ஜி மொபைல்' ஒன்று. அக்டோபர் 30ஆம் நாள் அதன் சேவை இந்தியாவில் நின்றது. ஆட்டக்காரர்கள் பணம் கொடுத்து வாங்கிய உடைகளும் அவர்களுக்கு எட்டாதவையாயின. 2021 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனம் 'பி.ஜி.எம்.ஐ.' என்னும் பெயரில் இந்தியாவுக்கென ஓர் ஆட்டத்தை வெளியிட்டபோது, பழைய கணக்கை மாற்றிக்கொள்ளக் குறித்த காலம் வரை வாய்ப்பளித்தது. மாற்றிக்கொண்டவர் மீட்டனர், நாள் கடத்தியவர் இழந்தனர்.

இந்தியக் கிரிக்கெட் வீரர் அட்டைகளைப் பற்றிய வழக்கு மற்றொரு பாடம் தருகிறது. 'ரேரியோ' என்னும் தளம் வீரர்களுடன் ஒப்பந்தம் செய்து மின்னணு அட்டைகளை விற்றது. 'ஸ்ட்ரைக்கர்' என்னும் ஆட்டம் அவ்வொப்பந்தமின்றி, வீரர்களின் பெயரையும் வரைபடத்தையும் கொண்டு அட்டைகளை வெளியிட்டது. ரேரியோ தரப்பு தடை கோரியது. 2023 ஏப்ரல் 26ஆம் நாள் தில்லி உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்க மறுத்தது. பொதுவெளியில் உள்ள பெயரும் ஆட்ட விவரமும் எவர்க்கும் பயன்படத்தக்கவை என்று கருதியது. ஆக, ஒரு வீரரின் அரிய அட்டையை நாம் விலைகொடுத்து வாங்கினாலும், அவரை வரைந்து வேறொருவர் மற்றோர் அட்டையை வெளியிட முடியும். அருமை என்பது எவ்வளவு மெல்லிய வேலி என்பதை இது உணர்த்துகிறது.

ஆட்டம் உருவாக்குவோர் அனைவரும் ஒரே கருத்தினர் அல்லர். ஆட்டங்களை விற்கும் 'ஸ்டீம்' தளம் 2021 அக்டோபரில் என்.எஃப்.டி. சார்ந்த ஆட்டங்களை விலக்கியது. 'மைன்கிராஃப்ட்' உருவாக்கிய மொஜாங் நிறுவனம் 2022 ஜூலையில் அதே நிலையை எடுத்தது. சிலர்க்கு மட்டுமே கிட்டும் பொருள், கூடி விளையாடுவோரைப் பிரிக்கும் என்பதும், விளையாட்டின் இன்பம் மறைந்து இலாப வேட்கை மேலோங்கும் என்பதும் அந்நிறுவனம் கூறிய காரணங்கள்.

மூடிய பெட்டி

இன்னது கிடைக்கும் என்று சொல்லாமல் மூடிய பெட்டியாக விற்கும் முறையும் உண்டு. திறந்த பின்னரே உள்ளிருப்பது அரியதா எளியதா என்பது தெரியும். பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம் 2018இல் சில ஆட்டங்களின் இத்தகைய கட்டணப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே கொண்டது. விற்கப்படும் பொருள் வாங்குவோர்க்குத் தெளிவாகத் தெரிதல் வேண்டும் என்பது நம் முன்னோர் கைக்கொண்ட வணிக நெறி. இஸ்லாமிய வணிக நெறி 'கரர்' என்று விலக்குவதும் இத்தகைய தெளிவின்மையையே.

சட்டம் என்ன சொல்கிறது?

2022ஆம் ஆண்டு நிதிச் சட்டம் குறியாக்க நாணயங்களோடு என்.எஃப்.டி.யையும் மெய்நிகர் மின்னணுச் சொத்து எனக் கொண்டு, அதன் விற்பனை ஆதாயத்திற்கு 30 விழுக்காடு வரி விதித்தது. ஒன்றில் வந்த நட்டத்தை மற்றொன்றின் ஆதாயத்தில் கழிக்கவும் அது இடந்தரவில்லை. 2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், குறியாக்க நாணயம் தொட்டறியத்தக்க பொருளோ பணமோ அன்றாயினும், சொத்து எனக் கருதத்தக்கதே என்று தீர்ப்பளித்தார். அது நாணயம் பற்றிய வழக்கு; ஆட்டப் பொருள் பற்றியதன்று. எனினும் கைக்கு எட்டாததும் சொத்தாகலாம் என்னும் கருத்து நம் மண்ணிலேயே வேரூன்றுகிறது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய ஆட்டச் சட்டம், பணம் வைத்துப் பணம் வெல்லும் ஆட்டங்களைத் தடைசெய்கிறது. பணமாக மாற்றத்தக்க மின்னணு வில்லைகளும் பொருள்களும் அதன் வரையறைக்குள் அடங்கும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலமோ 2025 தொடக்கம் முதல் ஓர் எளிய விதியை நடைமுறைப்படுத்துகிறது: தருவது உரிமம் மட்டுமே எனில் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' என்று எழுதுதல் கூடாது. சொல்லின் நேர்மையே வணிகத்தின் நேர்மை என்பதை அச்சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

விளையாட்டு தீதன்று. விரும்பிய அலங்காரத்திற்குத் தம் வருவாயில் சிறு தொகை செலவிடுவதும் குற்றமன்று. திரைப்படம் காணக் கொடுக்கும் கட்டணம் போல, கண்டு களித்ததோடு முடிந்த செலவு என்று அறிந்தே கொடுத்தால் ஏமாற்றம் இல்லை. சேமிப்பு என்றும் முதலீடு என்றும் நம்பிக் கொடுக்கும்போதுதான் இடர் பிறக்கிறது.

எனவே மாணவ நண்பர்களே, மனை வாங்கும்போது உங்கள் பெற்றோர் கேட்கும் கேள்விகளை நீங்களும் கேளுங்கள். நான் பெறுவது உடைமையா, உரிமமா? ஆட்டம் நின்றுபோனால் என் கையில் எஞ்சுவது யாது? நாளை நான் விற்க முற்பட்டால் வாங்குவார் உண்டா? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைக்காவிடில், கையிலுள்ள பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். பெரியோர்களும் பிள்ளைகளின் ஆட்டத்தைக் கடிந்து ஒதுக்காமல், அருகமர்ந்து இக்கேள்விகளைக் கற்றுக்கொடுப்பார்களாக. தாய்ப்பத்திரம் பார்க்கத் தெரிந்த ஊர், திரைக்குள் விரியும் புதிய மனைகளையும் வில்லங்கம் பார்த்தே வாங்கக் கற்றுக்கொள்ளும்.