சலவைக் கடைக்கு வாடகையா, சொந்தக் கட்டடமா?

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பார்கள். தோட்டத்து லயங்களில் வளர்ந்த நமக்கு இந்தப் பழமொழி மற்றவர்களைவிட ஆழமாகத் தைக்கும். வேலை இருக்கும்வரைதான் வீடு என்ற நிலையைக் கண்ணால் கண்டவர்கள் நாம். அதனால்தான் நம்மவர் சிறு தொழில் தொடங்கும்போதே, 'கட்டடமும் சொந்தமாக இருந்தால்' என்று மனம் ஏங்குகிறது.

வாசகர்களே, அந்த ஏக்கம் வேறு. தொழில் கணக்கு வேறு. இதை நான் என் குடும்பத்திலேயே கற்றுக்கொண்டேன்.

என் மனைவியின் மூத்த அண்ணன் 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து, பக்கத்துப் பட்டணத்தில் நாணயம் போட்டால் இயங்கும் சலவைக் கடை திறந்தார். கடை வாடகைக்குத்தான். கட்டடக்காரர் பல ஆண்டுகளாகப் பழகியவர். "பத்திரம் வேண்டுமா, மாப்பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார். "தெரிந்த மனிதர்தானே, மச்சான்" என்று சொன்னவன் நான்தான். இரண்டே ஆண்டில் கட்டடம் கைமாறியது. புதிய சொந்தக்காரர் இடத்தைக் கேட்டார். இயந்திரங்களை லாரியில் ஏற்றிவிட்டோம். தரையைத் தோண்டிப் போட்ட வடிகாலையும், சுவருக்குள் போன தண்ணீர்க் குழாயையும், மும்முனை மின்கம்பியையும் எப்படி ஏற்றுவது?

வாங்கியிருந்தால்?

கணக்குப் பார்ப்போம். கடைவீட்டின் விலை 600,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி 80 விழுக்காடு கடன் தந்தால், கையிலிருந்து 120,000 வெள்ளி போட வேண்டும். பெயர் மாற்ற முத்திரை வரி மட்டும் 12,000 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணம் தனி. மீதி 480,000 வெள்ளிக்கு நாலரை விழுக்காடு வட்டி, 25 ஆண்டுத் தவணை என்றால், மாதம் ஏறக்குறைய 2,670 வெள்ளி கட்ட வேண்டும். நில வரி, மதிப்பீட்டு வரி, தீக்காப்புறுதி, கூரை ஒழுகினால் பழுது, எல்லாம் நம் தலையில்தான்.

அதே கடையை மாதம் 2,200 வெள்ளி வாடகைக்கு எடுத்தால், இரண்டு மாத முன்பணம் 4,400 வெள்ளி. நீர், மின்சாரத்துக்குக் கொஞ்சம். மிச்சப் பணம் இயந்திரங்களாக நின்று சம்பாதிக்கும். எதிர்ப்புறம் இன்னொரு சலவைக் கடை வந்து வியாபாரம் படுத்தால், வாடகைக்காரர் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு இடம் போகலாம். கடன்காரர் போக முடியாது.

சொந்தக் கட்டடத்துக்கும் பெருமை உண்டு. யாரும் வாடகையை ஏற்ற மாட்டார்கள். போட்ட குழாய் நமக்கே. மாடியை வாடகைக்கு விடலாம். ஆனால் அது கடை காலூன்றிய பிறகு எடுக்க வேண்டிய அடி.

காகிதமே காவல்

1948க்கு முன் கட்டிய கடைகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. ஆகவே வாடகைக்காரருக்குக் காவல் ஒப்பந்தம்தான். தீபகற்ப மலேசியாவில், தேசிய நிலச் சட்டப்படி, மூன்று ஆண்டு வரையிலான வாடகையைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் நிலப்பட்டாவில் அதைக் குறிப்பாக ஏற்றாவிட்டால், கட்டடத்தை வாங்குபவரை அது கட்டுப்படுத்தாது. மச்சான் விழுந்த குழி இதுவே. மூன்று ஆண்டுக்கு மேற்பட்டதென்றால் அது குத்தகை. நில அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும்.

பத்திரத்தில் இவற்றைக் கேட்டு எழுதுங்கள்: தவணை முடிந்ததும் புதுப்பிக்கும் உரிமை, அப்போது வாடகை எவ்வளவு ஏறலாம் என்ற வரம்பு, குழாய், வடிகால், எரிவாயு இணைப்பு போட அனுமதி, காலி செய்யும்போது எதை எடுக்கலாம், எதைப் பழையபடி ஆக்க வேண்டும் என்ற விவரம். முத்திரை வரியும் கட்டிவிடுங்கள். முத்திரையில்லாப் பத்திரம் நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்காது.

வாடகையைப் பாக்கி வைக்காதீர்கள். 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, 12 மாதம் வரையிலான பாக்கிக்குக் கட்டடக்காரர் நீதிமன்ற ஆணை பெற்று, கடையிலுள்ள பொருள்களைப் பறிமுதல் செய்து ஏலம் விடலாம். சலவைக் கடையில் பொருள் என்றால் இயந்திரம்தானே!

1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானபோது, தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். முதலில் சேர்த்தார்கள்; பிறகு வாங்கினார்கள். நாமும் அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

மச்சான் இப்போது வேறு தெருவில் கடை வைத்திருக்கிறார். வாடகைக்குத்தான். இந்த முறை பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டி, பட்டாவிலும் குறிப்பு ஏற்றிய பிறகே முதல் குழாயைப் பதித்தார். மாதந்தோறும் வங்கியில் ஒரு தொகை போடுகிறார். தனி வளைக்குத்தான்!