வேலை போனா சம்பளம் மட்டுமா போகுது? காலியான நாள்களில் மனசைக் காப்பாற்றும் வழிகள்!

காலை 7 மணிக்கு அலாரம் அடிக்கிறது. அதை ஆஃப் பண்ணும்போதுதான் ஞாபகம் வருகிறது, இன்றைக்கு லாகின் பண்ண எதுவுமே இல்லை என்று. திரும்பிப் படுத்தால் மணி 10. ஃபோனை எடுத்தால் ரீல்ஸிலேயே 12 ஆகிவிடுகிறது. சாப்பிட்டுவிட்டு நாலைந்து வேலைகளுக்கு அப்ளை செய்தால் மாலையாகிவிடுகிறது. ராத்திரி 2 மணி வரை தூக்கமும் வருவதில்லை. ``நாள் முழுக்க ஒண்ணுமே பண்ணலை, ஆனா உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு'' என்று வேலை இழந்த நண்பர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒருவேளை நீங்களே அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

இது சோம்பேறித்தனம் இல்லை. லே ஆஃப் ஆனவர்கள், படிப்பு முடித்து முதல் வேலைக்குக் காத்திருப்பவர்கள், கான்ட்ராக்ட் முடிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் என எல்லோருக்கும் இது நடக்கிறது. ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், பாதி குற்ற உணர்ச்சி தானாகக் குறைந்துவிடும்.

ஒரு கிராமமே வேலை இழந்தபோது...

ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்றொரு சின்ன ஊர். ஊரே ஒரு ஜவுளி ஆலையை நம்பித்தான் இருந்தது. உலகப் பொருளாதார நெருக்கடியில் 1930 வாக்கில் அந்த ஆலை மூடப்பட்டது. கிட்டத்தட்ட ஊர் முழுக்க வேலை இழந்தது. 1931-32-ல் ஓர் ஆய்வுக் குழு அங்கே போனது. அதில் முக்கியமானவர் மரீ யஹோடா. அப்போது அவர் இருபதுகளின் நடுவில் இருந்த இளம்பெண்.

வேலையில்லாததால் மக்களுக்கு நிறைய நேரம் கிடைத்திருக்குமே, நிறையப் படித்திருப்பார்கள், பேசியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது தலைகீழ். ஊர் நூலகத்தில் கட்டணத்தை எடுத்த பிறகும், வாங்கிப் போகும் புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆய்வாளர்கள் ஜன்னலோரம் மறைந்து நின்று தெருவில் போகிறவர்களைக் கவனித்தார்கள். பெரும்பாலான ஆண்கள் மெதுவாக, நடுநடுவே நின்று நின்று போனார்கள். பலர் கடிகாரம் அணிவதையே விட்டிருந்தார்கள். எங்கேயும் நேரத்துக்குப் போக வேண்டியதில்லை என்றால் கடிகாரம் எதற்கு?

பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள். சமையல், துணி, பிள்ளைகள் என வீட்டில் அவர்களுக்கு வேலை காத்திருந்தது. இந்த ஆய்வு 1933-ல் புத்தகமாக வந்தது. இன்றைக்கும் வேலையின்மை பற்றிப் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போவதில்லை.

சம்பளத்தோடு சேர்ந்து போகும் ஐந்து விஷயங்கள்

பல வருடங்கள் கழித்து யஹோடா இதை ஒரு கோட்பாடாகவே சொன்னார். ஒரு வேலை நமக்குச் சம்பளத்தைத் தவிர ஐந்து விஷயங்களைத் தருகிறது. வேலையில் இருக்கும்வரை அவை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

* நேரத்துக்கு ஒரு ஒழுங்கு: திங்கள் திங்களாக இருப்பதும், ஞாயிறு இனிப்பதும் வேலையால்தான்.
* வீட்டுக்கு வெளியே மனிதர்கள்: டீ பிரேக் நண்பர், கேப் டிரைவர், பிடிக்காத மேனேஜர் உட்பட.
* பலர் சேர்ந்து செய்யும் காரியத்தில் நமக்கும் ஒரு பங்கு.
* அடையாளம்: ``என்ன பண்றீங்க?'' என்ற கேள்விக்கு ஒரு பதில்.
* தினமும் கையும் மூளையும் இயங்கக் கட்டாயம் இருக்கும் ஒரு செயல்.

வேலை போகும்போது இந்த ஐந்தும் ஒரே நாளில் போய்விடுகின்றன. நாமோ சம்பளத்தை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு, ``சேவிங்ஸ் இருக்கே, அப்புறம் ஏன் இப்படி உடைஞ்சு போறேன்?'' என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம்.

ஆக, அடுத்த வேலை வரும்வரை செய்ய வேண்டியது இதுதான். இந்த ஐந்தில் எதையெல்லாம் நாமே சின்ன அளவில் திரும்பக் கொண்டுவர முடியும் என்று பார்ப்பது. பணக் கஷ்டத்தை டைம்டேபிள் தீர்த்துவிடும் என்று சொல்லவில்லை. தீர்க்காது. ஆனால், பணத்துக்கு வழி தேடும் தெம்பை அது காப்பாற்றும்.

முதல் வாரம்: வீட்டில் சொல்லிடுங்க!

தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி, பார்க்கிலும் மாலிலும் பொழுதைப் போக்கிவிட்டு மாலையில் வீடு திரும்புகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். வேலை போன சோகத்தோடு, நடிக்கிற வேலையும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் எல்லோரிடமும் ஒரே நாளில் சொல்ல முடியாவிட்டால், பதறாமல் கேட்கக்கூடிய ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள். அது அக்காவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம்.

அடுத்து கணக்கு. வாடகை, இ.எம்.ஐ, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் எழுதி, கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று பாருங்கள். `என்ன ஆகுமோ' என்ற பயத்தைவிட `நாலு மாசம் தாங்கும்' என்ற கணக்கு எவ்வளவோ மேல். கம்பெனி தந்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். இ.எஸ்.ஐ பிடித்தம் இருந்தவர்களுக்கு `அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா' என்ற திட்டத்தில், சராசரி தினசரி ஊதியத்தில் பாதியை 90 நாள்கள் வரை பெற வழியுண்டு. நிபந்தனைகள் உள்ள இந்தத் திட்டம் அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வருவதால், உங்களுக்குப் பொருந்துமா என்று இ.எஸ்.ஐ கிளை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

நாள் முழுக்க வேலை தேடாதீங்க!

கேட்க விநோதமாக இருக்கலாம். ஆனால், காலை முதல் இரவு வரை லிங்க்டுஇன், நௌக்ரி என ரெஃப்ரெஷ் செய்துகொண்டே இருந்தால், நாள் முழுக்க நிராகரிப்பைக் குடிப்பது போலத்தான். வேலை தேடுவதற்கு என்று காலையில் இரண்டு, மூன்று மணி நேரத்தை ஒதுக்குங்கள். குளித்து, வெளியே போகிற உடை போட்டு, கட்டிலை விட்டு இறங்கி உட்கார்ந்து செய்யுங்கள். நேரம் முடிந்ததும் லேப்டாப்பை மூடிவிடுங்கள்.

இலக்கை வைப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. `இந்த வாரம் இன்டர்வியூ கிடைக்கணும்' என்பது உங்கள் கையில் இல்லை. `இந்த வாரம் எட்டு அப்ளிகேஷன், பழைய டீம் ஆள்கள் மூணு பேருக்கு ஃபோன்' என்பது உங்கள் கையில் இருக்கிறது. கையில் இருப்பதை முடித்தால், பதில் வராவிட்டாலும் அன்றைய நாள் தோற்ற நாளாக இருக்காது.

மற்ற நேரத்துக்கு மூன்றே கட்டங்கள் போதும். உடம்புக்கு ஒன்று: அரை மணி நேர நடை. மூளைக்கு ஒன்று: ஒரு பாடம். என்.பி.டி.இ.எல், ஸ்வயம் தளங்களில் பாடங்களைப் படிக்கக் கட்டணம் இல்லை, சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். இன்னொருவருக்கு ஒன்று: பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கணக்கு சொல்லித்தருவதோ, அப்பாவை பேங்குக்குக் கூட்டிப்போவதோ. மூன்றாவதை அலட்சியமாக நினைக்க வேண்டாம். நம்மால் யாருக்கோ ஒரு பயன் இருக்கிறது என்ற உணர்வு இங்கேதான் திரும்பக் கிடைக்கிறது.

``மூடே இல்லையே, எப்படிச் செய்ய?'' என்று கேட்கலாம். மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் ஒரு முறையே இப்படித்தான் இயங்குகிறது: மூடு வரட்டும் என்று காத்திருக்காமல், முதலில் ஒரு சின்னச் செயலைத் தொடங்குவது. மனநிலை மெதுவாகப் பின்னால் வரும். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போனால்கூட அது கணக்கில் சேரும்.

மனசுல இருக்கறதை எழுதிக் கொட்டுங்க!

அமெரிக்காவில் வேலை நீக்கம் செய்யப்பட்ட அனுபவசாலி இன்ஜினீயர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் குழுவினர் 1994-ல் வெளியிட்டது. ஒரு பிரிவினரை, வேலை போனதைப் பற்றிய கோபம், அவமானம், பயம் எல்லாவற்றையும் தினமும் 20 நிமிடம், தொடர்ந்து 5 நாள்கள் எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் அப்படி எழுதவில்லை. அடுத்த சில மாதங்களில், உணர்வுகளை எழுதியவர்களுக்கு விரைவாக வேலை கிடைத்தது. இத்தனைக்கும் அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வேலை தேடவில்லை.

உள்ளே புகைந்துகொண்டிருந்த கோபம் இன்டர்வியூ மேஜையில் எட்டிப் பார்க்காமல் இருந்ததுதான் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஒரு சின்ன ஆய்வுதான், உத்தரவாதம் இல்லை. ஆனால் செலவு ஒரு நோட்டும் பேனாவும்தானே! எழுதி, கிழித்துப் போட்டாலும் சரி. ஸ்டேட்டஸில் மட்டும் போட வேண்டாம்.

நாலு சுவரை விட்டு வெளியே வாங்க!

காபி ஷாப்புக்குச் செலவழிக்க முடியாத நேரத்தில், பொது நூலகம் ஒரு வரம். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நம் சொந்தப் புத்தகத்தை எடுத்துப்போய்ப் படிக்கவே தனி இடம் இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் உண்டு. மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகங்கள். அங்கே போனால் அருகில் இன்னொருவரும் நம்மைப் போலப் படித்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் அது ஒரு துணை.

அரசுத் தேர்வுகளுக்குத் தயாராகிறவர்களுக்கு, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இலவச வகுப்புகள் நடக்கின்றன. தனியார் வேலைவாய்ப்பு முகாம்களையும் அதே அலுவலகங்கள் நடத்துகின்றன. இடைப்பட்ட காலத்தில் டெலிவரியோ, டியூஷனோ, சித்தப்பாவின் கடையோ எதுவானாலும், ``படிச்சுட்டு இதைப் போய்ப் பண்றியா?'' என்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

``தம்பி இப்ப என்ன பண்றாப்ல?''

கல்யாண வீட்டில் இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பலர் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். இருக்கிற கொஞ்ச உறவும் அதில் அறுந்துபோகிறது. ஒரு பதிலை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ``பழைய கம்பெனில ஆள் குறைச்சாங்க பெரியப்பா, வேற பார்த்துட்டு இருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்ச இடம் இருந்தா சொல்லுங்க.'' உண்மையையும் சொன்னதாயிற்று, கேள்வியையும் அவர் பக்கம் திருப்பியாயிற்று. சில நேரம் அந்தப் பெரியப்பா வழியாகவே ஒரு நம்பர் கிடைக்கும்.

பெண்களுக்கு வேறொரு சிக்கல். மரியன்தால் பெண்களைப் போல இவர்களுக்கும் வீட்டில் வேலைக்குப் பஞ்சமில்லை. ``வீட்லதானே இருக்க'' என்ற ஒரு வார்த்தையில் சமையலறை முழுவதும் கைக்கு வந்துவிடும். கூடவே வரன் பேச்சும் ஆரம்பிக்கும். அப்ளிகேஷன் போடவே நேரம் இருக்காது. ``காலைல 10-லேர்ந்து 1 மணி வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்கம்மா, அது என் ஆபீஸ் டைம்'' என்று முதல் வாரமே சொல்லிப் பழக்குவது நல்லது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தினமும் ``ஏதாச்சும் வந்துச்சா?'' என்று கேட்காதீர்கள். வந்தால் முதலில் உங்களிடம்தான் சொல்வார்கள். ``சாப்பிட்டியா, வா ஒரு நடை போயிட்டு வரலாம்'' என்பது அதைவிட உதவும்.

அவசரத்துல மாட்டிக்காதீங்க!

வேலை தேடும் மனசின் பதற்றம் மோசடிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். டெபாசிட் கேட்கும் வேலை, டெலிகிராமில் `லைக் போட்டால் பணம்' என்னும் டாஸ்க், டூரிஸ்ட் விசாவில் கம்போடியா, மியான்மருக்குக் கூப்பிடும் டேட்டா என்ட்ரி வேலை, ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப். இவை எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: வேண்டாம். வேலை கொடுப்பவர் நமக்குத்தான் பணம் தர வேண்டும், நாம் அவருக்கு இல்லை. பணத்தை இழந்துவிட்டால், அவமானம் பார்க்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

எப்போது உதவி கேட்கணும்?

சோகம் இயல்பு. ஆனால், தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்த எதிலும் ஆர்வம் இல்லாமல், `நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் அது. குடி அதிகமானாலும் அப்படியே. மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104, சென்னை சினேகா 044-24640050 ஆகிய எண்களில் தமிழிலேயே பேசலாம். நண்பர் யாராவது திடீரென்று எல்லா குரூப்பிலிருந்தும் வெளியேறினால், நீங்களே முதலில் ஃபோன் போடுங்கள்.

வேலை எப்போது கிடைக்கும் என்பதை மார்க்கெட்டும் கம்பெனிகளும் தீர்மானிக்கலாம். நாளைக் காலை 10 மணிக்கு எங்கே உட்காரப்போகிறீர்கள் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். இன்றைக்குத் தூங்கப்போவதற்கு முன் அதை மட்டும் ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள். மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.