கொத்துத் தொழிற்பயிற்சியும் கட்டடக் கல்வி பெற்றோரின் வருங்காலமும்

அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் நாட்களில் கிராமங்களில் வீட்டு வேலை தொடங்குவது வழக்கம். திண்டுக்கல்லைச் சூழ்ந்த ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் எவ்வூருக்குச் சென்றாலும் தெருவோரத்தில் செங்கல்லும் ஜல்லியும் குவிந்திருக்கக் காணலாம். அந்நாட்களில் விவசாயிகள் தவறாமல் கூறும் குறை ஒன்றுண்டு. நல்ல கொத்தனார் கிடைக்கவில்லை என்பதே அது. அதே ஊரில் வேறொரு குறையும் செவியில் விழுகிறது. நிலத்தை அடகு வைத்துக் கட்டடப் பொறியியல் படிக்கவைத்த மகனுக்கு வேலை அமையவில்லை என்பது அது.

ஒரே தொழிலில் ஒருபுறம் ஆள் பஞ்சமும் மறுபுறம் வேலைப் பஞ்சமும் நிலவுவது விந்தையாகத் தோன்றலாம். காரணம் எளியது. கரண்டி பிடித்த கைக்கு வரைபடம் தெரியவில்லை. வரைபடம் கற்றவனுக்குக் கரண்டி பிடிக்கத் தெரியவில்லை. இவ்விரண்டும் ஒருவரிடம் சேருமாயின் அவருக்கு வேலைப் பஞ்சம் இராது. அவர் கட்டும் வீட்டுக்கும் பழுது வராது.

வீடு பழுதடைவது எங்ஙனம்?

ஓர் ஏழைக் குடும்பம் தன் வாழ்நாளில் ஒரு முறைதான் வீடு கட்டுகிறது. தமிழக அரசு 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் வீட்டின் பரப்பு 360 சதுர அடி என்றும், அரசு வழங்கும் தொகை ரூ. 3.50 லட்சம் என்றும் வகுக்கப்பட்டது. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் வீட்டின் குறைந்த அளவு 25 சதுர மீட்டர். இத்தகைய வீட்டில் கைத்தவறு நேர்ந்தால் மறுபடி கட்டப் பணத்துக்கு எங்கே போவது?

பொருள் எவ்வளவு உயர்ந்ததாயினும், கை அறியாமல் செய்தால் பயனில்லை. ஒரு மூட்டை சிமெண்டு 50 கிலோ எடையுள்ளது. கான்கிரீட்டுக் கலவையில் அதற்கு ஏறத்தாழ 25 லிட்டர் நீர் போதும். கலவை இளகினால் வேலை சுளுவாகும் என்று கருதி மேலும் ஒரு குடம் நீர் ஊற்றுவோர் உண்டு. அந்த மிகை நீர் பின்னர் ஆவியாகும்போது கான்கிரீட்டினுள் நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. அத்துளைகளின் வழியே ஈரம் கம்பியைச் சேர்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. சில ஆண்டுகளில் தளத்தின் அடிப்பகுதி பெயர்ந்து விழுவதற்கு அன்று ஊற்றிய ஒரு குடம் நீரே காரணமாகிறது.

மணலிலும் இத்தகைய நுட்பம் உண்டு. ஈர மணல், உலர்ந்த மணலைவிடக் கன அளவில் நான்கில் ஒரு பங்குவரையிலும் பருத்து நிற்கும். இதை அறியாது சட்டிக் கணக்கில் அளந்தால் ஒரு நாள் கலவைக்கும் மறுநாள் கலவைக்கும் வலிமை வேறுபடும்.

நீர் விட்டு ஆற்றும் வேலையும் இவ்வாறே. சாதாரண சிமெண்டினால் ஆன கான்கிரீட்டை 7 நாட்களேனும் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்றும், வெப்பமும் வறட்சியும் மிக்க இடங்களில் 10 நாட்களுக்குக் குறையலாகாது என்றும் இந்தியத் தர நிர்ணய விதி (ஐ.எஸ். 456, ஆண்டு 2000) கூறுகிறது. நமது சமவெளியின் கோடை வெயிலை எண்ணினால் 10 நாட்கள் என்பதே நமக்குரிய கணக்கு. நீர் அருகிய ஊர்களில் நனைத்த சாக்குகளைப் பரப்பிவைத்தால் குறைந்த நீரில் இவ்வேலை நிறைவேறும்.

நிலமும் ஊருக்கு ஊர் ஒன்றன்று. செம்மண்ணில் போட்ட அளவிலேயே கரிசலிலும் அஸ்திவாரம் போட்டால், மழையில் உப்பியும் கோடையில் சுருங்கியும் அம்மண் சுவரில் வெடிப்பை உண்டாக்கிவிடும். எந்த மண்ணுக்கு எவ்வளவு ஆழம் என்பதை அறிந்து சொல்லக் கல்வி வேண்டும். அதைப் பிசகாமல் செய்து முடிக்கக் கைத்திறன் வேண்டும்.

கொத்தனாரின் கணக்கு

நம் ஊர்களில் கொத்துத் தொழில் வழிவழியாகக் கற்கப்பட்டு வருவது. கையாளாகச் சேர்ந்து, கலவை எடுத்துக் கொடுத்து, ஆண்டுகள் சில சென்றபின் பூசத் தொடங்கி, பின்னர்ச் செங்கல் வைத்து, இறுதியில் மேஸ்திரி ஆவது வழக்கம். தூக்குக்குண்டு, மூலைமட்டம், மட்டப்பலகை, ரசமட்டம் ஆகியவற்றைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கையாளும் பழக்கம் இவ்வழியில்தான் வருகிறது.

வானம் தோண்டுமுன் கொத்தனார் மூலை பார்ப்பதைப் பலரும் கண்டிருக்கலாம். ஒரு நூலில் 3 அடியும், அதைத் தொடும் மற்றொரு நூலில் 4 அடியும் குறித்துக்கொள்வார். அவ்விரு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி இருக்குமானால் மூலை செங்கோணம் என்று முடிவு செய்வார். பள்ளியில் பிதாகரஸ் தேற்றம் என்று மாணவன் படிப்பது இதைத்தான். கொத்தனாருக்குத் தேற்றத்தின் பெயர் தெரியாது. மாணவனுக்கு நூல் பிடிக்கத் தெரியாது. இருவரும் அறிந்தது ஒரே உண்மை.

எனினும் பழைய முறையில் ஒரு குறை உண்டு. குரு செய்த பிழையைச் சீடனும் செய்வான். ஏன் என்று கேட்கும் வழக்கம் அதில் இல்லை. கம்பிக்கும் பலகைக்கும் இடையே ஏன் 20 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும், செங்கற்சுவரை ஒரே நாளில் ஏன் 1.5 மீட்டருக்கு மேல் எழுப்பலாகாது என்பவற்றுக்கு விடை தெரிந்த கொத்தனாரே எவ்விடத்திலும் துணிந்து வேலை செய்ய வல்லவர்.

பயிற்சிக்குரிய வழிகள்

தொழிற்பயிற்சி நிலையங்களுக்கென வகுக்கப்பட்ட பிரிவுகளுள் கொத்தனார் பிரிவும் ஒன்று. அதன் காலம் ஓராண்டு. நெடுநாள் வீட்டைவிட்டுத் தங்க இயலாதோருக்கு, பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தின்கீழ் ஊரகக் கொத்தனார் பயிற்சி வகுக்கப்பட்டது. 45 நாட்கள் கொண்ட இப்பயிற்சியின் சிறப்பு யாதெனில், பயிற்சி பெறுவோர் ஒரு பயனாளியின் வீட்டையே பயிற்றுநரின் மேற்பார்வையில் கட்டி முடிப்பதாகும். அஸ்திவாரம் முதல் தளம் வரை அவர்கள் கையாலேயே நிறைவேறுகிறது. ஏற்கெனவே பல ஆண்டுகள் தொழில் செய்தவர்கள் தம் திறமையைச் சோதனைக்கு உட்படுத்திச் சான்றிதழ் பெறவும் வழியுண்டு.

ஜெர்மனி நாட்டில் கொத்தனாராக விரும்பும் இளைஞன் 3 ஆண்டுகள் பழகுநனாக இருக்கிறான். சில வாரங்கள் பள்ளியிலும், சில வாரங்கள் கட்டட வேலையிலும் மாறி மாறிப் பயில்கிறான். அங்கே கொத்துத் தொழில் இழிவாகக் கருதப்படாமைக்கு இம்முறையும் ஒரு காரணமாகும்.

கைத்தொழிலையும் கல்வியையும் இணைப்பது திண்டுக்கல் மாவட்டத்துக்குப் புதிதன்று. 1937இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழில் வழிக் கல்வியை நாட்டின்முன் வைத்தார். அவ்வழியைப் போற்றிய டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரன் அவர்களும் 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினர். 1956இல் அங்குக் கிராமியக் கல்வி நிலையம் தோன்றியது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. கட்டடப் பொறியியலும் அங்கே கற்பிக்கப்படுகிறது. கையை நம்பி எழுந்த அக்கல்வி முறையின் பயனை இவ்வட்டாரத்து இளைஞர்களே முதலில் பெறவேண்டும்.

கட்டடக் கல்வி பெற்றோருக்கு வாய்ப்புகள்

பட்டயமோ பட்டமோ பெற்ற இளைஞர் படிப்பு முடிந்தவுடன் மேசைப் பணியை எதிர்நோக்கிக் காத்திருப்பது உண்டு. அக்காத்திருப்பில் ஆண்டுகள் கழிகின்றன. அதைவிட ஆறு திங்கள் ஒரு நல்ல மேஸ்திரியிடம் சென்று செங்கல் வைக்கவும், பூசவும், கம்பி கட்டவும் பழகுவது எத்துணையோ மேல். தானே செய்து அறிந்தவனை வேலையாட்கள் ஏமாற்ற இயலாது; அவர்களுடைய துன்பத்தையும் அவன் அறிவான்.

1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம் 1973இல் திருத்தப்பட்டு, பொறியியல் பட்டம், பட்டயம் பெற்றோரும் உதவித்தொகையுடன் பழகுநர்களாகச் சேர வழி செய்யப்பட்டது. அரசுப் பணியை விரும்புவோர் பணி மேற்பார்வையாளர், உதவிப் பொறியாளர் முதலிய பதவிகளுக்குரிய தேர்வுகளை எழுதலாம். ஊராட்சி ஒன்றியத்தில் சாலை, பள்ளிக் கட்டடம், குடிநீர்த் தொட்டி ஆகிய வேலைகளை அளந்து பார்ப்பவர்கள் இவர்களே. பட்டயம் பெற்றோர் பொறியியற் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரவும் இடமுண்டு.

அரசுப் பணி எல்லோருக்கும் கிட்டாது. ஆயினும் தொழில் குறையாது. 1985இல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டத் தலைநகரான திண்டுக்கல், 2014இல் மாநகராட்சியும் ஆயிற்று. நகரம் விரிய விரிய வீடு, கடை, கிடங்கு எனக் கட்டட வேலை பெருகுகிறது. மதிப்பீடு தயாரித்தல், வேலையிடத்தை மேற்பார்த்தல், பொருள்களின் தரம் சோதித்தல், சிறு ஒப்பந்தங்களை ஏற்று நடத்துதல் ஆகியவை ஊரில் இருந்தபடியே செய்யத்தக்கவை. நான்கு கொத்தனார்களும் ஒரு பட்டயதாரியும் ஒரு குழுவாகச் சேர்ந்தால், வரைபடம் முதல் பூச்சு வேலை வரை ஒரே பொறுப்பில் செய்து கொடுக்க இயலும்.

வெளிநாடு செல்ல விரும்புவோர் முன்பின் அறியாத தரகரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறலாகாது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இதற்கென்றே 1978இல் அமைக்கப்பட்டது. அங்கே விசாரித்து அறிந்தபின் புறப்படுவதே அறிவுடைமை.

பெண்களின் நிலை

வேலையிடத்தில் சிமெண்டுச் சட்டியைத் தலையில் சுமப்போர் பெரும்பாலும் பெண்கள். இருபது ஆண்டுகள் உழைத்தும் அவர்கள் சித்தாளாகவே இருந்துவிடுகின்றனர். கலவையின் பதத்தை அவர்களைவிட நன்கறிந்தவர் யார்? ஜார்க்கண்ட் மாநிலத்தில் தூய்மை பாரத இயக்கத்தின்போது கிராமத்துப் பெண்கள் கொத்து வேலை கற்றுக் கழிப்பறைகளைக் கட்டினர். 'ராணி மிஸ்திரி' என்று பெயரும் பெற்றனர். அங்கே இயன்றது இங்கே இயலாதது அன்று. சித்தாளின் கையில் கரண்டி சேரும் நாளில் அவர் பெறும் கூலியும் உயரும்.

பஞ்சாயத்தின் கடமை

இவற்றில் பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை பல. முதலாவதாக, ஊரிலுள்ள கொத்தனார்கள், சித்தாட்கள், கட்டடக் கல்வி பெற்ற இளைஞர்கள் ஆகியோரின் பட்டியலைத் தயாரித்துக் கிராம சபையில் வைக்கலாம். இரண்டாவதாக, அரசுத் திட்டத்தில் வீடுகள் கட்டப்படும்போது அவற்றுள் ஒன்றைப் பயிற்சி வீடாக அமைக்கும்படி ஒன்றிய அலுவலரைக் கோரலாம். மூன்றாவதாக, தளம் போடும் நாளில் 150 மில்லிமீட்டர் அளவுள்ள கான்கிரீட்டுக் கட்டிகளை வார்த்து, 28 நாட்கள் நீரில் வைத்து, அருகிலுள்ள பொறியியற் கல்லூரியில் அழுத்தச் சோதனை செய்து தரும்படி கேட்கலாம். ஊரார் கண்முன் ஒரு கட்டி நொறுங்கிவிட்டால், மிகை நீர் ஊற்றுவதன் தீங்கை விளக்க வேறு பேச்சு வேண்டுவதில்லை.

நான்காவதாக, 18 முதல் 60 வயது வரையுள்ள கட்டடத் தொழிலாளர் அனைவரையும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யச் செய்தல் வேண்டும். 1994இல் அமைந்த இவ்வாரியம் விபத்து நிவாரணம், மக்களின் கல்விக்கு உதவி, முதுமையில் ஓய்வூதியம் முதலியவற்றை வழங்குகிறது. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தபின் பதிவைப் பற்றி நினைப்பதால் அக்குடும்பத்துக்கு ஒரு பயனும் இல்லை.

விதையின் தரம் பாராமல் எந்த விவசாயியும் விதைப்பதில்லை. ஒரு போக விளைச்சலுக்கே இத்தனை கவனம் செலுத்தும் நாம், பேரப்பிள்ளைகள் வாழவேண்டிய வீட்டைக் கட்டும் கையின் தரத்தைப் பாராமல் விடலாமா? படித்த இளைஞர்கள் கரண்டியைக் கையில் எடுக்கக் கூசாதிருக்கவும், பழகிய கொத்தனார்கள் வரைபடத்தைக் கற்கத் தயங்காதிருக்கவும் ஊரார் ஊக்கம் அளிப்பார்களாக. அவ்வாறு செய்யும் ஊரில் வீடும் நிலைக்கும். வீட்டைக் கட்டியவனின் பிழைப்பும் நிலைக்கும்.