கத்தரிக்கோலுக்கு முன் ஒரு பாடம்

பள்ளியில் ஆடை வடிவமைப்புப் பாடம் என்றதும் அளவு நாடா, கத்தரிக்கோல், தையல் இயந்திரம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அளவெடுப்பதும் வெட்டுவதும் தைப்பதும் தேவையான திறமைகள்தாம். ஆனால் ஒரே அளவில் தைத்த இரண்டு சட்டைகளில் ஒன்று பல மாதம் பொருத்தமாக இருக்கிறது. மற்றொன்று முதல் சலவையிலேயே சுருங்கிப் பிடிக்கிறது. தையற்காரர் இரண்டையும் ஒரே கவனத்துடன்தான் தைத்தார். வேறுபாடு துணியில் இருக்கிறது. ஆகவே துணியைப் பற்றிய அறிவியலே இப்பாடத்தின் முதற்பகுதியாக அமைய வேண்டும்.

இக்கருத்து நம் நாட்டுக்குப் புதிதன்று. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழில் வழியாகக் கல்வி என்னும் திட்டத்தைக் காந்தியடிகள் முன்வைத்தார். டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. நூற்பும் நெசவும் அதில் முக்கிய இடம் பெற்றன. மாணவன் தக்ளியைச் சுழற்றக் கற்றால் மட்டும் போதாது. அதன் வழியே கணக்கும் அறிவியலும் கற்க வேண்டும் என்பதே நோக்கம்.

நூலின் 'நம்பர்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பவுண்டு எடையுள்ள பருத்தி நூலில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை உள்ளனவோ அதுவே அந்நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டுக்கு 33,600 கஜம், அதாவது ஏறத்தாழ 31 கிலோமீட்டர் நீளம் இருக்கும். எடை மாறாமல் நீளம் மட்டும் கூடினால் நூல் மெலியத்தானே வேண்டும்? நம்பர் உயர உயர நூல் நயமாவது ஏன் என்பதை மாணவன் தானே கண்டுகொள்வான்.

அடுத்து, துணியின் அமைப்பைப் பார்ப்போம். தறியில் நீளவாக்கில் செல்வது பாவு. குறுக்கே செல்வது ஊடை. ஒரு பருத்திக் கைக்குட்டையை எடுத்து, எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து நூல் போகும் திசையில் இழுங்கள். அது அதிகம் நீளாது. இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். நன்றாக நீள்கிறது அல்லவா? முதல் முறையில் நூல்களையே நேராக இழுத்தோம். இரண்டாம் முறையில் நூல்கள் நீளவில்லை. பாவும் ஊடையும் சந்திக்கும் கோணந்தான் மாறியது. சிறு சிறு சதுரங்கள் சாய்சதுரங்களாயின. தையற்காரர்கள் கழுத்து வளைவுக்குப் 'கிராஸ்' துணி வைப்பது இதனால்தான். 1920-களில் பாரிஸ் நகரின் மதலேன் வியோனே என்ற வடிவமைப்பாளர் முழு ஆடைகளையே இவ்வாறு மூலைவாட்டில் வெட்டி, உடலோடு இழைந்து தொங்கும்படி செய்து புகழ்பெற்றார்.

இனி, சலவையில் துணி சுருங்குவது ஏன்? நெய்யும்போது பாவு நூல் விறைப்பாக இழுக்கப்பட்டிருக்கிறது. நனைந்ததும் அந்த விறைப்பு தளர்கிறது. பருத்தி நூல் நீரை உறிஞ்சிப் பருக்கிறது. பருத்த ஊடையைச் சுற்றிச் செல்லப் பாவுக்குக் கூடுதல் நீளம் வேண்டும். அதனால் துணியின் நீளம் குறைகிறது. இதை வகுப்பிலேயே அளக்கலாம். புதுத் துணியில் 50 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்றை அழியாத மையால் வரைந்து, துவைத்து உலர்த்தி மீண்டும் அளக்க வேண்டும். நீளம் 47 செ.மீ. என்றால் சுருக்கம் 6 சதவீதம். அத்துணியை நனைக்காமல் 100 செ.மீ. நீளத்துக்குத் தைத்த பாவாடை, துவைத்தபின் 94 செ.மீ. ஆகிவிடும். வெட்டுமுன் துணியை நனைத்து உலர்த்தும் பழக்கத்தின் பொருள் இப்போது விளங்கும்.

கடைசிச் சோதனை தீயோடு தொடர்புடையது. ஆசிரியர் மட்டுமே இதைச் செய்து காட்ட வேண்டும். அருகில் நீர் இருக்க வேண்டும். ஒரு விரல் நீள நூலை இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்டினால், பருத்தி காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து மென்மையான சாம்பலாகும். அது செல்லுலோஸ். பட்டும் கம்பளியும் புரதங்கள். ஆகவே மயிர் கருகும் நாற்றம் வரும். பாலியெஸ்டரும் நைலானும் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். பட்டு என்று சொல்லி விற்கப்பட்ட துணி உண்மையில் என்ன என்பதை ஒரே ஒரு நூல் காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் பணத்தைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. உருகிய செயற்கை இழை தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். பருத்தியும் விரைவில் தீப்பற்றக்கூடியதே. ஆனால் உருகி ஒட்டாது. ஆகவே அடுப்பருகிலும் தீபாவளி நாளிலும் ஏற்றது, தளர்ந்து தொங்காத பருத்தி உடையே. அந்த மணியைக் கண்ணால் கண்ட மாணவி இதை மறக்கமாட்டாள். வீட்டிலும் எடுத்துச் சொல்வாள்.

இச்சோதனைகளுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. துண்டுத் துணி, அளவுகோல், ஒரு வாளி நீர் ஆகியவை எந்தப் பள்ளியிலும் கிடைக்கும். துணியை அறிந்த கைக்கு, கத்தரிக்கோல் பிடிக்கும் வித்தையும் எளிதில் வசப்படும்.